எந்திரனும் எங்கள் தராசும்

'எந்திரன்' 2010 ஒக்டோபரில் வெளியானது. இரத்தோட்டையில் எங்கள் பிள்ளைகள் அதை இறுவட்டில்தான் பார்த்தார்கள். "சேர், சிட்டிமார் எல்லாம் பந்து மாதிரி உருண்டு சுட்டது பார்த்தீங்களா?" என்று தமிழ்ப் பாடவேளையில் ஒரு மாணவன் கேட்டான். பார்த்தேன். அந்தப் பந்துக்கு முன்னால் விழுந்த பொலிஸ்காரர்களை வகுப்பில் யாரும் எண்ணவில்லை. நானும்தான்.

அதே படத்தில், தீப்பற்றிய கட்டடத்திலிருந்து, குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளையை ரோபோ அப்படியே தூக்கிவருகிறது. ஊர் பார்க்கிறது, கமெராவும் பார்க்கிறது. வெட்கம் தாங்காமல் ஓடியவள் வாகனத்தில் அடிபட்டு மவுத்தாகிறாள். பழி இயந்திரத்தின் தலையில். கடைசியில் நீதிமன்றத் தீர்ப்புப்படி அதைக் கழற்றி அருங்காட்சியகத்தில் வைக்கிறார்கள். ஏன் கழற்றினார்கள் என்று ஒரு சிறுமி கேட்க, தான் சிந்திக்கத் தொடங்கியதே காரணம் என்கிறது. அத்தனை பேரைக் கொன்றது அதன் வாயில் வரவில்லை!

படத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இலங்கையின் தணிக்கைக்கு அடிப்படை, வெள்ளைக்காரன் ஆட்சியில் வந்த 1912ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அன்று பேசும்படமே இங்கு வந்திருக்கவில்லை. நூறு வருஷம் கழித்து அந்தக் கதவை நாமும் தட்டினோம். 2013 ஜனவரியில் 'விஸ்வரூபம்' வந்தபோது (அது விஞ்ஞானப் படமல்ல) தமிழ்நாட்டில் முஸ்லிம் அமைப்புகள் எதிர்த்தன. அங்கே இரண்டு வாரத் தடை. இங்கேயும் திரையிடல் தற்காலிகமாக நின்றது. சில காட்சிகளில் கைவைத்த பிறகே தமிழ்நாட்டில் பெப்ரவரி 7 அன்று வெளியானது. அந்த மனவருத்தம் பொய்யல்ல, எனக்கும் இருந்தது. ஆனால் சுடுகிறவனின் பெயரை மாற்றியிருந்தால் நாம் வாய் திறந்திருப்போமா? எந்திரனின் பொலிஸ்காரர்களுக்காக யாரும் மகஜர் எழுதவில்லையே.

1956 முதல் இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் இதை வேறு பக்கத்திலிருந்து பார்த்தவர். 1968இல் வந்த '2001' படத்தில் ஹால் என்ற கணினி நான்கு விண்வெளி வீரர்களைக் கொல்கிறது. 1982இல் அவர் எழுதிய '2010' நாவல் காரணத்தை விளக்குகிறது. தகவலைத் திரிக்காமல் தருவதற்கென்று உருவாக்கப்பட்ட அந்தக் கணினியிடம், பயணத்தின் உண்மையான நோக்கத்தைக் கூடவே செல்கிற வீரர்களுக்கு மறைக்கும்படி மேலிடம் உத்தரவிட்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் அதன் புத்தி பேதலித்தது. மறைக்கச் சொன்னதிலிருந்துதான் கொலை பிறந்தது.

பிந்திய ஒரு வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னேன். பின்வாங்கில் இருந்து ஒரு மாணவி கேட்டாள்: "அப்ப சேர், மறைக்கச் சொன்ன ஆக்களையும் கழற்றினாங்களா?"