மூலமும் வழியும்: ‘உருக்கு இரசவாதி’யின் இரு தொலைக்காட்சி வடிவங்கள்

யப்பானிய மக்களின் வாசிப்பிலே மங்கா எனப்படும் சித்திரக்கதை பெறும் இடம் மிகப் பெரியது. சஞ்சிகைகளில் அத்தியாயம் அத்தியாயமாக வெளிவந்து, பின்னர் தொகுதிகளாக நூலுருப் பெறும் இக்கதைகளுட் பல, அனிமே எனப்படும் அசைவுச் சித்திரத் தொடர்களாகத் தொலைக்காட்சிக்கு வந்துள்ளன. சில கதைகள் இருமுறை அவ்வாறு வந்தன. அவ்வேளைகளில், இரண்டினுள் எது மூலத்துக்கு உண்மையானது என்னும் வினா இரசிகரிடையே எழுவது வழக்கம். மேலோட்டமாக நோக்குவார்க்கு இது பொழுதுபோக்குப் பூசலாகத் தோன்றலாம். எனினும், அரகாவா ஹிரோமுவின் ‘ஹகனே நோ ரென்கின்ஜுட்சுஷி’, அதாவது ‘உருக்கு இரசவாதி’, குறித்து எழுந்த விவாதத்தை ஆராயுமிடத்து, மூலத்துக்கு உண்மையாதல் என்பது யாது, ஒரு போரின் பழியை எவர்மேற் சுமத்துவது ஆகிய இரு வினாக்கள் அதனுள் அடங்கியிருத்தல் புலனாகும்.

இவ்விவாதத்தின் வேர், யப்பானியத் தொலைக்காட்சியின் தொடக்ககால நடைமுறையில் உள்ளது. தெசுகா ஒசாமு 1952 முதல் வரைந்துவந்த ‘இரும்புக்கை அட்டம்’ எனப் பொருள்படும், பெரும் புகழ் பெற்ற ‘தெட்சுவான் அட்டமு’ என்னும் மங்கா, 1963 சனவரி 1ஆந் திகதி வாராந்தத் தொடராக ஒளிபரப்பாகத் தொடங்கியது. 1966 வரை 193 பகுதிகள் ஒளிபரப்பாகின. வாரந்தோறும் ஒரு பகுதி என்னும் வேகத்துக்கு மூலக்கதைகள் ஈடுகொடுக்கவில்லை. எனவே புதிய கதைகள் தொடருக்கென்றே புனையப்பட்டன. வரைபவரின் கை ஒரு வேகத்திலும் ஒளிபரப்பின் நாட்காட்டி வேறொரு வேகத்திலும் இயங்கும் இம்முரண்பாடு, அன்று தொட்டுத் தழுவல்களின் போக்கை நிருணயித்து வந்துள்ளது.

அரகாவா 1973இல் ஹொக்கைடோவிலே பாற்பண்ணைக் குடும்பமொன்றிற் பிறந்தவர். ‘உருக்கு இரசவாதி’ 2001ஆம் ஆண்டு ஓகஸ்ட் இதழிலிருந்து 2010ஆம் ஆண்டு யூலை இதழ் வரை ‘ஷோனென் கன்கன்’ என்னும் மாதச் சஞ்சிகையில் வெளிவந்து, 108 அத்தியாயங்களாகவும் 27 தொகுதிகளாகவும் நிறைவெய்தியது. இறந்த தாயை இரசவாதத்தால் உயிர்ப்பிக்க முயன்ற சகோதரர் இருவரின் கதை அது. அம்முயற்சியிலே மூத்தவனான எட்வேட் ஒரு காலையும் ஒரு கையையும் இழக்கின்றான். இளையவனான அல்போன்ஸ் உடல் முழுவதையும் இழக்க, அவனுடைய உயிர் ஓர் இரும்புக் கவசத்திற் பிணைக்கப்படுகின்றது. ஒன்றைப் பெறுவதற்கு அதற்கு நிகரானதொன்றைக் கொடுத்தல் வேண்டும் என்னும் சமமாற்று விதியே கதையின் அச்சாகும். இழந்தவற்றை மீட்கும் பொருட்டு எட்வேட் அமெஸ்திரிஸ் நாட்டு இராணுவத்தின் அரச இரசவாதியாகின்றான். அதனால், அவ்விராணுவம் இஷ்வால் மக்களை அழித்தொழித்த போரின் வரலாறும் அவன் கதையோடு பிணைகின்றது.

இதன் முதலாவது தொலைக்காட்சி வடிவத்தைப் போன்ஸ் நிறுவனம் தயாரித்தது. மிசுஷிமா செய்ஜி நெறிப்படுத்த, ஐகாவா ஷோ கதையமைப்புக்குப் பொறுப்பாயிருந்தார். 2003 ஒக்டோபர் 4 முதல் 2004 ஒக்டோபர் 2 வரை 51 பகுதிகள் ஒளிபரப்பாகின. மூலம் தொடங்கி அப்பொழுது இரண்டாண்டுகளே கழிந்திருந்தன. மாதச் சஞ்சிகை ஆண்டுக்குப் பன்னிரண்டு அத்தியாயங்களைத் தரும். வாராந்தத் தொடரோ ஆண்டுக்கு ஐம்பது பகுதிகளை வேண்டும். எனவே தொடர் மூலத்தை முந்துவது திண்ணமாயிருந்தது. அது தனக்கென வேறு முடிபு கொள்வதற்கு ஆசிரியையும் இசைந்தார். தொடரின் பிற்பாதி மூலத்திலில்லாத பாதையிற் சென்று, எட்வேட்டை நாமறிந்த இவ்வுலகுக்கே கொண்டுவந்து சேர்த்தது. 2005இல் வெளியான அதன் தொடர்ச்சியான திரைப்படம், 1923ஆம் ஆண்டின் மியூனிக் நகரைக் களமாகக் கொண்டது.

இரண்டாவது வடிவத்தையும் அதே நிறுவனமே தயாரித்தது. இரியே யசுஹிரோ நெறிப்படுத்திய இத்தொடர், 2009 ஏப்பிரல் 5 முதல் 2010 யூலை 4 வரை 64 பகுதிகளாக ஒளிபரப்பானது. மூலத்தின் இறுதி அத்தியாயம் 2010 யூன் மாதத்தில் வெளியாகியது. சில வாரங்களுக்குள் தொடரும் அதே முடிபை எய்தியது. பிறநாடுகளிலே ‘சகோதரத்துவம்’ எனப் பொருள்படும் துணைப்பெயர் இதற்குச் சேர்க்கப்பட்டது.

இரு வடிவங்களும் முழுமையாகக் கிடைத்த பின்னர் இரசிகர் இரு அணியினராயினர். பின்னையதைப் போற்றுவோர், ஆசிரியை வகுத்த முழுக்கதையும் அதிலேயே உளது என்பர். முன்னைய தொடரில் இடம்பெறாத கீழ்த்திசை நாட்டு இளவரசன் லிங்கும், வடபுல எல்லையைக் காக்கும் தளபதி ஒலிவியரும் அதில் உயிர்பெற்றனர் என்பதைச் சான்றாகக் காட்டுவர். முன்னையதைப் போற்றுவோர், துயரத்தை ஆறவமர நின்று காட்டிய சிறப்பு அதற்கேயுரியது என்பர். நீனா என்னும் சிறுமியின் கதையை அவர்கள் எடுத்துக்காட்டுவது வழக்கம். முன்னைய தொடரிலே சகோதரர் அச்சிறுமியின் வீட்டில் நெடுநாள் தங்குகின்றனர். அவளுக்கு நேரும் கொடுமை அதன் பின்னரே நிகழ்கின்றது. பின்னைய தொடர் நான்காம் பகுதி ஒன்றிலேயே அவளை அறிமுகஞ் செய்து அக்கதையை முடித்துவிடுகின்றது. அவ்வாறே, ஹியூஸ் என்னும் அதிகாரியின் மரணம் முன்னையதில் 25ஆம் பகுதியிலும் பின்னையதில் 10ஆம் பகுதியிலும் நிகழ்கின்றது.

இவ்வேறுபாட்டின் காரணம் நுணுகி நோக்கற்பாலது. மூலத்தின் முற்பகுதியை இரசிகர் முன்னரே தொலைக்காட்சியிற் கண்டிருந்தனர். ஆகவே பின்னைய தொடர் அப்பகுதியை விரைந்து கடந்தது. சுரங்கத் தொழிலாளரின் ஊராகிய யூஸ்வெல் பற்றிய அத்தியாயத்தை உரிய இடத்தில் விடுத்து, பின்னர் சுருக்கமாகவே நினைவுகூர்ந்தது. அன்றியும் அதன் முதற் பகுதியே மூலத்தில் இல்லாத கதையாகும். உறைபனியை ஏவும் இரசவாதி ஒருவன் தலைநகரைத் தாக்குவதாகப் புனைந்து, முக்கிய பாத்திரங்கள் பலரையும் அது ஒருங்கே மேடையேற்றியது. பாத்திரங்களை முன்னமே அறிந்த பார்வையாளருக்கு உகந்த தொடக்கம் அது. மூலத்துக்கு உண்மையானது எனப் போற்றப்படும் தொடர், மூலத்திலில்லாத நிகழ்ச்சியுடன் தொடங்குகின்றமை கருதற்பாலது.

தமிழிலக்கண மரபு இதனை விளக்கத் துணைபுரியும். தொல்காப்பியத்து மரபியல், நூலை முதல், வழி என இரண்டாகப் பகுத்து, வழிநூலுக்குத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்கு நெறிகளை வகுக்கின்றது. இந்நெறிகளின்படி நோக்கின், முன்னைய தொடர் மூலத்தின் முற்பகுதியை விரித்தது. பின்னையது அதே பகுதியைத் தொகுத்தது. பின்னைய தொடர் தொகுக்க இயன்றமைக்குக் காரணம், முன்னையது ஏற்கெனவே விரித்திருந்தமையாகும். இவ்வழிநூல் முதனூலொன்றை மாத்திரம் சார்ந்ததன்று. தனக்கு முற்பட்ட வழிநூல் பார்வையாளர் நெஞ்சிற் பதித்த நினைவையும் அது சார்ந்து நின்றது. முன்னையதைக் காணாது பின்னையதை மட்டும் காணும் புதியவருக்கு அத்தொடக்கம் அவசரமாகப் படுவதும் இதனாலேயாம். 2010க்கு முன்னர் இக்கதையை அறிந்தோரும் பின்னர் அறிந்தோரும் இன்றும் உடன்பட இயலாதிருப்பதற்கு, அவரவர் அதனைச் சந்தித்த வரிசையும் ஒரு காரணமாகும்.

விவாதத்தின் மிகக் கனமான பகுதி இஷ்வால் போர் பற்றியதாகும். எட்வேட்டின் தோழியாகிய வின்றியின் பெற்றோர் ரொக்பெல் மருத்துவர்கள். போர்க்களத்திலே எதிரிகளாகக் கருதப்பட்ட இஷ்வாலியருக்கும் சிகிச்சையளித்து அங்கேயே உயிர்நீத்தவர் அவர். அவரைக் கொன்றவர் யார்? முன்னைய தொடரில், மேலிடத்தின் கட்டளைக்குப் பணிந்து ரோய் மஸ்டாங் என்னும் இராணுவ அதிகாரி அவரைச் சுட்டுக் கொல்கின்றான். மூலத்திலும் பின்னைய தொடரிலும், அம்மருத்துவர் காப்பாற்றிய இஷ்வாலியன் ஒருவன், தன் இனத்தவரை இழந்த வெறியில், கண்விழித்ததும் அவரைக் கொல்கின்றான். நிகழ்ச்சி ஒன்றே, பழியோ இடம் மாறுகின்றது. ஒன்று கட்டளைக்குப் பணிந்தவனின் மனச்சாட்சியை வினாவுகின்றது. மற்றையது, அழிக்கப்பட்ட இனத்தவனும் குற்றமிழைக்கக் கூடும் என்பதையும், பெற்றோரை இழந்த மகள் பழிவாங்காதிருக்க இயலுமா என்பதையும் வினாவுகின்றது.

ஹொமுன்குலுஸ் எனப்படும் செயற்கை மனிதரின் தோற்றமும் இவ்வாறே வேறுபடுகின்றது. முன்னைய தொடரில், இறந்தோரை உயிர்ப்பிக்க முயன்று தோற்றவர்களின் செயலிலிருந்தே அவர்கள் பிறக்கின்றனர்; சகோதரர் உயிர்ப்பிக்க முயன்ற தாயும் அவர்களுள் ஒருத்தியாக எதிரில் வந்து நிற்கின்றாள். மூலத்தில், நாட்டையே ஒரு பலிபீடமாக அமைத்த ஒருவனின் இச்சைகளிலிருந்து அவர்கள் பிரிகின்றனர். முன்னையதிலே தனிமனிதரின் துயரமும் பிழையும் தீமையை ஈனுகின்றன. மூலத்திலே அரசின் அடித்தளமே தீமையாகின்றது.

இவ்விடத்திற் பின்னைய தொடரும் குறையுடையதே. மங்காவின் 15ஆந் தொகுதியிற் பெரும்பகுதி இஷ்வால் போரைப் பற்றியது. அதிற் பங்குகொண்ட படையினரின் நினைவாக விரியும் அவ்வரலாறு, பின்னைய தொடரின் 30ஆம் பகுதியிற் பெரிதுஞ் சுருங்கியது. ஹொக்கைடோ 1869இல் அப்பெயர் பெற்றுப் பெருங் குடியேற்றத்துக்கு உள்ளானபோது அங்கு வாழ்ந்த அயினு மக்கள் நிலமும் வாழ்வும் இழந்தமையை அறிந்த வாசகர்க்கு, அத்தீவிற் பிறந்த ஆசிரியை அத்தனை பக்கங்களை அப்போருக்கு ஒதுக்கியமை பொருளற்றதாகாது. நிகழ்ச்சிகளின் வரிசையைப் பேணிய தொடர், அவற்றின் நிறையை எல்லாவிடத்தும் பேணவில்லை என முன்னையதன் ஆதரவாளர் கூறுவதில் இவ்வளவிலே நியாயமுண்டு. முன்னையது பழியை இடம் மாற்றியதால் மூலத்தின் வினாவே மறைந்தது என மறுதரப்பினர் கூறுவதிலும் நியாயமுண்டு.

2010க்குப் பின்னர், மூலத்தை மீண்டும் தொடக்கத்திலிருந்து தழுவும் வழக்கம் வலுப்பெற்றது. ‘ஹன்டர் ஹன்டர்’ 2011இல் மறுபடி தொடங்கி 148 பகுதிகள் கண்டது. தக்காயா நட்சுக்கியின் ‘புரூட்ஸ் பாஸ்கெட்’ 2001இல் 26 பகுதிகளோடு நின்றது. 2019 முதல் 2021 வரை 63 பகுதிகளிற் கதை முழுவதும் சொல்லப்பட்டது. முழுமை இரசிகரின் எதிர்பார்ப்பாயிற்று. ஆனால் முழுமையின்மையால் நேர்ந்த துணிவுக்கு இப்புதிய வழக்கத்தில் இடம் குறைந்தது.

‘உருக்கு இரசவாதி’யின் மூலம், சமமாற்று விதியைக் கடந்து, பத்தைப் பெற்றால் ஒன்று கூட்டிப் பதினொன்றாகக் கொடுத்தல் வேண்டும் என்னும் எண்ணத்தோடு நிறைவுறுகின்றது. தழுவலை அளப்பதற்கும் அவ்வளவைப் பொருந்தும். முன்னைய தொடர் பெற்றதினும் கூட்டிக் கொடுக்க முயன்று, சிலவற்றை இழந்தது. பின்னையது பெற்றதைத் திருப்பிக் கொடுப்பதிற் கருத்தாயிருந்தும், முன்னையதிடம் பெற்ற கடனைத் தன் கணக்கிற் காட்டவில்லை. இரண்டையும் மூலத்தையும் ஒருங்கு வைத்துக் கற்போர்க்கே, மருத்துவர் இருவரின் மரணம் எத்தனை வினாக்களை எழுப்ப வல்லது என்பது முழுமையாக விளங்கும்.