சூரிய வெந்நீர்க் கலன்: அரிப்பும் உப்புப் படிவும் தடுத்தல்

சூரிய வெப்பத்தால் நீரைச் சூடாக்கும் கலன்களின் குழாய், தொட்டி, இணைப்புகள் ஆகியவற்றை உலோக அரிப்பிலிருந்தும் உப்புப் படிவிலிருந்தும் காக்கும் முறைகள் இத்தலைப்பில் அடங்கும். இவை வெவ்வேறு குறைகளாகத் தோன்றினாலும் ஒரே நீரின் இரு குணங்கள். ஒன்றைத் தணிக்கச் செய்வது மற்றொன்றைத் தூண்டிவிடும் என்பதால், இரண்டையும் சேர்த்தே கருத வேண்டும்.

படிவு உண்டாகும் விதம். சுண்ணாம்புப் பாறை வழியே ஊறிவரும் ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியம், மெக்னீசியம் பைகார்பனேட்டுகள் கரைந்திருக்கும். நீர் சூடாகும்போது கரியமில வாயு வெளியேற, கரையாத கால்சியம் கார்பனேட் வெள்ளைக் காரையாக ஒட்டிக்கொள்கிறது. சமையல் உப்பைப் போலன்றி, இது சூடு ஏற ஏறக் குறைவாகவே கரையும். 60 பாகை செல்சியசுக்கு மேல் படிவு விரைவடைகிறது. ஆகவே மிகச் சூடான இடமான சேகரிப்பான் குழாயே முதலில் அடைபடும். தட்டை வகைச் சேகரிப்பானில் செங்குத்துச் செப்புக் குழாயின் வெளிவிட்டம் சுமார் 12.7 மி.மீ. மட்டுமே. வெந்நீருக்கும் தண்ணீருக்கும் உள்ள சிறு அடர்த்தி வேறுபாடே அதில் நீரை மேலேற்றுகிறது. சில மி.மீ. காரை படிந்தாலே ஓட்டம் தளரும். கோடையில் வெந்நீர்ச் செலவு குறைந்து தொட்டி கொதிநிலையை நெருங்கும் மாதங்களில்தான் படிவு மிகுதி. வீட்டைப் பூட்டி ஊருக்குப் போகும்போது சேகரிப்பானைத் துணியால் மூடிவைப்பது செலவில்லாத தடுப்பு.

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 (2012), மொத்தக் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மி.கி. வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 மி.கி. வரை பொறுக்கலாம் என்றும் கூறுகிறது. இது குடிப்பவரை எண்ணி வகுத்த அளவு. செப்புக் குழாயை எண்ணியன்று. குடிக்கத் தகுந்த நீரே கலனை அடைத்துவிடக்கூடும். 1936இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் வில்பிரெட் லாஞ்சலியர், கார அமிலநிலை, கால்சியம், காரத்தன்மை, வெப்பநிலை, கரைந்த திடப்பொருள் ஆகியவற்றிலிருந்து ஒரு குறியீட்டை வகுத்தார். அது நேர்க்குறியாக இருந்தால் நீர் காரையைப் படியவிடும்; எதிர்க்குறியாக இருந்தால் கரைக்கும். நகர நீர்க்குழாய்களில் மெல்லிய காரைப் படலம் இரும்பைக் காக்கும் என்பதே அவர் ஆய்வுக்கு அடிப்படை.

வரலாறு. அரிப்புத் தடுப்பின் வேர் கப்பல் கட்டுமானத்தில் இருக்கிறது. பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அடிப்பாகத்தில் வேய்ந்த செப்புத் தகடுகள் கடல்நீரில் அரித்துப்போனதால், அதற்கு வழி காணும் பணி வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியிடம் வந்தது. செம்பைவிட எளிதில் கரையும் உலோகத்தைச் செம்போடு தொட்டு இணைத்தால், அரிப்பு முழுவதும் அந்த உலோகத்தின்மேல் விழும் என்று அவர் 1824இல் ராயல் சொசைட்டிக்கு அளித்த கட்டுரையில் காட்டினார். இரும்பு அல்லது துத்தநாகத்தின் சிறு துண்டே பெரும்பரப்புச் செம்பைக் காத்தது. ‘சமராங்’ உள்ளிட்ட கப்பல்களில் இது சோதிக்கப்பட்டது. செம்பு அரிக்கவில்லை, ஆனால் கரையும் செம்பின் நஞ்சுதான் அதுவரை கொட்டலசுகளையும் பாசியையும் அண்டவிடாமல் வைத்திருந்தது. காக்கப்பட்ட செம்பில் அவை மண்ட, கப்பல்களின் வேகம் குன்றியது. சில ஆண்டுகளிலேயே கடற்படை இம்முறையைக் கைவிட்டது. கண்டறிந்த விதியில் பிழை இல்லை, இடம்தான் பொருந்தவில்லை. இன்று பீங்கான் பூச்சிட்ட எஃகுத் தொட்டிக்குள் தொங்கும் மெக்னீசியத் தண்டு டேவியின் முறையே. பூச்சில் விழும் நுண்விரிசல் வழியே எஃகு அரிக்காதபடி தண்டு தான் கரைந்து காக்கிறது.

படிவுத் தடுப்புக்குரிய முறையும் வேறொரு தேவையில் பிறந்ததே. வணிக நோக்கிலான முதல் சூரிய வெந்நீர்க் கலனுக்குப் பால்டிமோரின் கிளாரன்ஸ் கெம்ப் 1891இல் காப்புரிமை பெற்றார். 1909இல் கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி சேகரிப்பானையும் தொட்டியையும் பிரித்தமைத்தார். 1913இன் கடுங்குளிரில் குழாய் நீர் உறைந்து வெடிக்கவே, சேகரிப்பானில் சாராயம் கலந்த நீரைத் தனிச் சுற்றாக ஓடவிட்டு, தொட்டிக்குள் சுருள் குழாய் வழியே சூட்டை மாற்றினார். குளிருக்காகச் செய்த இந்த வெப்பமாற்றி அமைப்பே உப்புத் தண்ணீர் ஊர்களுக்கு உரிய சிறந்த தீர்வு. ஒரே நீர் மூடிய சுற்றில் திரும்பத் திரும்ப ஓடுவதால் சேகரிப்பானில் புதுக் காரை சேராது.

உலோகத் தேர்வு. செப்புச் சேகரிப்பானை நாகமுலாம் பூசிய இரும்புத் தொட்டியோடு இணைப்பது தவறு. நீரில் கரைந்துவரும் செம்பு முலாமின்மேல் படிந்து ஊசித்துளை இடும். சில நீர்களில் 60 பாகைக்கு மேல் நாகம் காக்கும் தன்மையையும் இழந்து, இரும்பே அரிக்கத் தொடங்கும். எவர்சில்வர் தொட்டிக்குப் பகை குளோரைடு. கடலோரக் கிணற்று நீருக்கு 304 வகையைவிட, மாலிப்டினம் 2–3 விழுக்காடு சேர்ந்த 316 வகையே தகுந்தது. அதிலும் பற்றவைப்பு ஓரங்களே முதலில் பழுதாகும். வேறுபட்ட உலோகங்கள் சேருமிடத்தில் மின்கடத்தா இணைப்பு வேண்டும்.

நீர்ப் பக்குவம். அயனிப் பரிமாற்றக் கலன் கால்சியத்தை நீக்கிச் சோடியத்தைத் தருகிறது. படிவு நிற்கும், காரைப் படலத்தின் காப்பும் போகும், மெக்னீசியத் தண்டும் விரைந்து கரையும். எனவே மென்னீர் விடும் வீடுகளில் தண்டை ஆண்டுதோறும் கழற்றிப் பார்த்து, உள்கம்பி தெரிந்தால் மாற்ற வேண்டும். காரையைத் தடுக்கும் என்று குழாயில் கட்டும் காந்தப் பட்டைகளை நம்பிக் கலன் வாங்குவது தகாது. படிந்த காரையை நீர்த்த சிட்ரிக் அல்லது சல்ஃபாமிக் அமிலத்தால் கரைக்கலாம். கழிவறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை எவர்சில்வர் தொட்டியில் ஊற்றக் கூடாது.

இன்று இந்தியாவில் விற்பனையாவதில் பெரும்பகுதி வெற்றிடக் கண்ணாடிக் குழாய் வகை. அகன்ற குழாயாதலால் அடைப்பு தாமதமாகும். அடியில் தங்கும் உப்பை அவ்வப்போது கழுவ வேண்டும். நீரின் கடினத்தன்மையையும் குளோரைடையும் அறிந்த பின்னரே கலனின் வகையை முடிவு செய்ய வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் இச்சோதனையைக் கட்டணம் செலுத்திச் செய்துகொள்ளலாம்.