ஊர்ப்பெயரும் ஆடல் மரபும்: பந்தநல்லூர், வழுவூர்ப் பாணிகளை முன்வைத்து

பரதநாட்டியத்தின் பாணிகளை ஊர்ப்பெயரால் அழைக்கிறோம். அதனால் அந்தந்த ஊரின் மண்ணே ஆட்டத்துக்கு உருவம் கொடுத்தது என்ற எண்ணமும் வேரூன்றிவிட்டது. சான்றுகள் அதற்கு இடம்தரவில்லை. பாணியை வகுத்தவர் ஆட்டத்தைக் கற்பித்து நடத்தும் ஆசானான நட்டுவனாரே என்பது இக்கட்டுரையின் வாதம்.

பந்தநல்லூர், வழுவூர் இரண்டும் காவிரிப் படுகை ஊர்கள். இரண்டு மரபுகளுக்கும் அடித்தளம் கர்நாடக இசையும், தஞ்சை நால்வர் எனப்படும் நட்டுவனார் சகோதரர்கள் ஒழுங்குபடுத்திய அலாரிப்பு முதல் தில்லானா வரையிலான நிகழ்ச்சி வரிசையும்தான். மண்ணும் இசையும் வரிசையும் பொதுவாக இருந்தும் ஆட்டம் வேறுபடுகிறது. ஆகவே வேறுபாட்டின் காரணத்தை வேறிடத்தில், அதாவது நட்டுவனார்களிடம், தேட வேண்டும்.

நால்வரின் வழிவந்த மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1869–1954) பந்தநல்லூர் மரபின் முதன்மை ஆசான். தாழ்ந்த அரைமண்டி, முழுதாக நீளும் கை, நேர்கோடாக விரியும் அடவு, அடக்கமான அபிநயம் ஆகியவை இம்மரபின் அடையாளங்கள். ஜதித் தொடரை முடிக்கும் தீர்மானம் எவ்வளவு விரைந்தாலும் அங்கசுத்தம் (உறுப்புகளின் துல்லியம்) குலையக் கூடாது. வழுவூர் மரபின் நட்டுவனார் இராமையா பிள்ளையின் (1910–1979) வழியில் உடல் வளைந்து குழைகிறது, சிருங்காரம் மேலோங்குகிறது. கோர்வைகளுக்கிடையே வரும் கார்வையில் (இடைநிறுத்தத்தில்) ஆடுபவர் சிற்பம்போல் நின்று, அடுத்த சொற்கட்டுக்குள் துள்ளி நுழைகிறார்.

இராமையா பிள்ளையின் மாணவி குமாரி கமலா 1947இல் வெளிவந்த ‘நாம் இருவர்’ படத்தில் பாரதியார் பாடல்களுக்கு ஆடியபோது, சபாவுக்கு வராத மக்களும் பரதத்தைக் கண்டார்கள். பார்த்தவுடன் மனத்தில் பதியும் நிலைகளும் துள்ளலும் இம்மரபில் செழித்ததற்குச் சென்னை மேடையும் திரையும் துணைநின்றன என்று கருத இடமுண்டு. அந்நிலைகளும் துள்ளலும் வழுவூர் வயல்வெளியில் விளைந்தவை அல்ல.

ஆசானைவிட ஆடுபவரின் ஆற்றலே பாணியாகிறது என்று மறுப்போர் உண்டு. மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ருக்மிணி தேவி, ராம் கோபால், மிருணாளினி சாராபாய், சாந்தா ராவ் ஆகியோர் பயின்றார்கள். ஒருவர் ஆட்டம் மற்றவர் ஆட்டமாக இருந்ததில்லை. 1936இல் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்ரா தனிப் பாணியாகவே வளர்ந்தது. இம்மறுப்பில் உண்மை உண்டு. ஆனால் அவர்கள் விலகிச் சென்றது ஒரே அடவு இலக்கணத்திலிருந்து. அந்த இலக்கணம் ஆசான் தந்தது. அதை அறியாமல் விலகலின் அளவைக்கூட மதிப்பிட முடியாது.

எனவே பாணியை ஆவணப்படுத்துவோர் ஆடுபவரை மட்டும் படம்பிடித்தால் போதாது. எந்தச் சொல்லுக்கு எந்த அடவு, எந்த இடத்தில் கார்வை, தீர்மானம் எந்தக் கணக்கில் முடிகிறது என்ற நட்டுவாங்க அறிவையும் சேர்த்துப் பதிய வேண்டும். நட்டுவனார் குடும்பங்களின் சொற்கட்டு ஏடுகளும், வாய்மொழியாக வந்த ஜதிகளும் ஆய்வின் முதன்மைச் சான்றுகளாக ஏற்கப்பட வேண்டும். இது ஆய்வு முறையின் தேவை. கலையை ஆக்கியவர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய நியாயமும் ஆகும்.