பொட்டலத்தின் பின்பக்கம்: ஆல்ஃபா-கால் ஒவ்வாமையின் வரலாறு

மிட்டாய்ப் பொட்டலத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதை நம்மில் எத்தனை பேர் படிக்கிறோம்? அமெரிக்காவில் சிலர் அதைப் படிக்காமல் எதையும் வாயில் வைப்பதில்லை. மாடு, பன்றி, ஆடு போன்ற பாலூட்டிகளின் இறைச்சி அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. இந்த ஒவ்வாமையின் பெயர் ஆல்ஃபா-கால்.

கதை 2004-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அந்த ஆண்டு அமெரிக்காவில் உணவு ஒவ்வாமைக்கான சட்டம் வந்தது. பால், முட்டை, மீன், இறால்-நண்டு வகை, பாதாம்-முந்திரி போன்ற கொட்டைகள், வேர்க்கடலை, கோதுமை, சோயா ஆகிய எட்டும் சேர்ந்திருந்தால் பொட்டலத்தில் தெளிவாகச் சொல்ல வேண்டும். 2006 ஜனவரி 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது.

அதே 2004-இல் செடுக்ஸிமாப் என்ற புற்றுநோய் மருந்துக்கும் அங்கே அனுமதி கிடைத்தது. டென்னசி, வட கரோலினா மாநிலங்களில் இந்த மருந்தை ஏற்றியபோது ஐந்தில் ஒருவருக்கு மேல் கடுமையான ஒவ்வாமை வந்தது. மற்ற பகுதிகளில் அப்படி இல்லை. காரணத்தை வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் தாமஸ் பிளாட்ஸ்-மில்ஸ் குழுவினர் 2008-இல் வெளியிட்டார்கள். எலியின் செல்களில் தயாரான அந்த மருந்தில் ஆல்ஃபா-கால் என்ற சர்க்கரை இருந்தது. மனிதர் உடலில் இது கிடையாது. பெரும்பாலான பாலூட்டிகளில் உண்டு. பாதிக்கப்பட்டவர்களின் ரத்தத்தில் இதற்கு எதிரான புரதம் மருந்து ஏற்றும் முன்பே இருந்தது.

அது எப்படி வந்தது? உண்ணிக் கடியால். 2007-இல் மலையேறப் போன பிளாட்ஸ்-மில்ஸையே உண்ணிகள் கடித்தன. பிறகு ஆட்டிறைச்சி சாப்பிட்ட ஓர் இரவில் அவர் உடம்பெல்லாம் தடித்துப்போனது. உண்ணிக்கும் இறைச்சி ஒவ்வாமைக்கும் உள்ள தொடர்பை ஆஸ்திரேலியாவில் ஷெரில் வான் நூனன் 2009-இலேயே எழுதியிருந்தார். சாப்பிட்டு 2 முதல் 6 மணி நேரம் கழித்தே ஒவ்வாமை தெரிவதால், இறைச்சி மேல் யாருக்கும் எளிதில் சந்தேகம் வராது.

ஆக, நோய் தெரியவரும் முன்பே பட்டியல் முடிந்துவிட்டது! பால் அந்த எட்டில் இருப்பதால் கண்டுபிடிப்பது எளிது. மற்றவற்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருக்கும். அது பெரும்பாலும் பன்றி அல்லது மாட்டின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கப்படுவது. பிஸ்கட்டில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். 'இயற்கைச் சுவையூட்டி' என்று மட்டும் எழுதியிருந்தால் அது செடியா, விலங்கா என்று தெரியாது. எல்லோருக்கும் பாலும் ஜெலட்டினும் ஒத்துக்கொள்ளாமல் போவதில்லை. ஆனால் ஒத்துக்கொள்ளாதவருக்கு உயிருக்கே ஆபத்து.

2023-இல் எள் ஒன்பதாவதாகச் சேர்ந்தது. அதே ஆண்டு, 2010-லிருந்து 4,50,000 பேர் வரை ஆல்ஃபா-காலால் பாதிக்கப்பட்டிருக்கலாம் என அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் கணக்கிட்டது. அந்த எட்டும் அன்று தெரிந்த ஒவ்வாமைகளின் கணக்கு, அவ்வளவுதான். பிறகு தெரியவந்த ஒவ்வாமை உள்ளவர் பட்டியலை நம்பிச் சாப்பிட முடியாது. பொடி எழுத்தைத் தானே படித்து, புரியாவிட்டால் பொட்டலத்தைக் கடையிலேயே வைத்துவிட்டு வர வேண்டியதுதான்.