தந்தியும் செவியும்: கிரேக்க இசைச் சாஸ்திரம் திருச்சபையை அடைந்த வரலாறு

பண்டைக் கிரேக்கர்கள் இசையைப் பற்றி எழுதிவைத்தது மிகுதி. அவர்கள் பாடிய இசையிலோ நமக்கு எஞ்சியிருப்பது சொற்பம். கல்லில் வெட்டியவையும் பாப்பிரஸ் தாளில் எழுதியவையுமாகச் சுரக்குறிகளோடு கிடைத்திருக்கும் பாடல்கள், முழுமையும் சிதைவும் சேர்த்து எண்ணினாலும் ஏறத்தாழ 60தான். ஆயினும், மத்திய கால ஐரோப்பாவின் மடாலயங்களில் இசை கற்பித்த துறவிகள், தங்கள் கலைக்கு மூலபுருஷர் பைதாகரஸே என்று எழுதினார்கள். தாங்கள் பாடிய பண்களுக்கு டோரியன், பிரிஜியன், லிடியன் என்று கிரேக்கப் பெயர்களையே சூட்டினார்கள். பாட்டு மறைந்தபின் அதன் சாஸ்திரம் மட்டும் எவ்வாறு பிழைத்தது, வேறொரு மரபில் பிறந்த பாட்டோடு அது எவ்வாறு பிணைக்கப்பட்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கி.மு. 6ஆம் நூற்றாண்டில் சாமோஸ் தீவில் தோன்றி, தென் இத்தாலியின் குரோட்டன் நகரில் சீடர்களோடு வாழ்ந்த பைதாகரஸ் தம் கையால் ஒரு நூலும் விட்டுச்செல்லவில்லை. அவருடைய சம்பிரதாயத்தார் போற்றிய கண்டுபிடிப்பு இது: ஒரே விறைப்பில் கட்டிய தந்தியைக் குதிரை நகர்த்திச் சரிபாதியாக்கினால் மேல் ஷட்ஜமும், மூன்றில் இரண்டு பங்காக்கினால் பஞ்சமமும், நான்கில் மூன்று பங்காக்கினால் மத்தியமமும் ஒலிக்கும். 2:1, 3:2, 4:3 என்னும் இம்மூன்று விகிதங்களும் ஒன்று முதல் நான்கு வரையுள்ள எண்களுக்குள் அடங்கியிருப்பது அவர்களுக்குத் தெய்விக இரகசியமாகவே தோன்றியது. பஞ்சமத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையிலுள்ள தூரமாகிய 9:8 என்ற விகிதத்தை முழுச்சுரத்தின் அளவாகக் கொண்டு, அதைக் கொண்டே மற்ற இடைவெளிகளையும் வகுத்தார்கள். பைதாகரஸ் ஒரு கொல்லன் பட்டறையைக் கடந்து சென்றபோது சம்மட்டிகளின் ஓசை ஒத்திசைப்பதைக் கேட்டு, அவற்றை நிறுத்துப் பார்த்து இவ்விகிதங்களைக் கண்டார் என்று ஒரு கதை உண்டு. சம்மட்டியின் எடைக்கும் அதன் ஓசையின் சுருதிக்கும் அப்படிப்பட்ட உறவு கிடையாது. தந்தியில் எடையைத் தொங்கவிட்டாலும் மேல் ஸ்தாயி பெற இருமடங்கு எடை போதாது, நான்கு மடங்கு வேண்டும். சோதித்துப் பார்க்கச் சிறு முயற்சியே போதுமாயிருந்தும், 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் கலிலேயோவின் தகப்பனாராகிய வின்சென்ஸோ கலிலேயி அதன் பிழையை எடுத்துக்காட்டும் வரை, அக்கதை நூலுக்கு நூல் பிரதி செய்யப்பட்டு வந்தது. சாஸ்திரம் ஏட்டிலேயே வாழ்ந்தது என்பதற்கு இதனினும் தெளிந்த சாட்சியம் வேண்டுவதில்லை.

இந்த எண் வழிபாட்டுக்குக் கிரேக்கத்திலேயே எதிர்க்கட்சியும் இருந்தது. அரிஸ்டாட்டிலிடம் பயின்றவரும் தாரெண்டம் நகரத்தவருமான அரிஸ்டாக்ஸெனஸ், கி.மு. 4ஆம் நூற்றாண்டில் எழுதிய இசை நூலில், சுரங்களின் உறவைத் தீர்மானிக்க வேண்டியவை செவியும் நினைவுமேயன்றிக் கணிதம் அன்று என்று வாதித்தார். கிரேக்க இசையின் அடிப்படை, நான்கு சுரங்களைக் கொண்ட ஒரு கோவை. அதன் ஓரங்களில் நிற்கும் இரு சுரங்களும் ஷட்ஜ மத்தியம இடைவெளியில் அசையாமல் நிற்க, உள்ளே அமைந்த இரண்டும் இடம் மாறும். அவை நிற்கும் இடத்தைப் பொறுத்து மூன்று ஜாதிகள் பிறந்தன. அவற்றுள் நுண்மை மிக்கதில் அரைச்சுரத்தையும் பாதியாக்கிய அணுச்சுரங்கள் இரண்டு அடுத்தடுத்து வரும். இத்தகைய நுட்பத்தைப் பாடியும் கேட்டும் பழகிய ஒருவர், விகிதங்களின் பட்டியலைக் காட்டினால் திருப்தியடைவாரென்று எதிர்பார்ப்பதற்கில்லை. நியாயம் அவர் பக்கமே இருந்ததென்பது என் அபிப்பிராயம். ஆனால் பிற்காலத்துக்குப் பெரிதும் போய்ச் சேர்ந்தது அவருடைய கட்சி அன்று.

பிளேட்டோ தமது 'குடியரசு' நூலின் மூன்றாம் புத்தகத்தில், புலம்பலுக்கும் களியாட்டத்துக்கும் உரிய பண்களை நகரத்திலிருந்து விலக்கி, டோரியன், பிரிஜியன் என்னும் இரண்டை மட்டும் அனுமதித்தார்; சீவாளி பொருத்திய இரட்டைக் குழலாகிய ஔலோஸையும் தள்ளினார். இசை மனிதனின் குணத்தை ஆக்கவும் கெடுக்கவும் வல்லது என்ற இந்த அச்சமும், பைதாகரஸின் எண்ணும் ஆகிய இரண்டுமே பின்னர்த் திருச்சபைக்கு ஆஸ்தியாக வாய்த்தன.

கிரேக்கர்களிடம் சுரக்குறி இல்லாமலில்லை. பாட்டின் சொற்களுக்கு மேலே எழுத்துகளை இட்டுச் சுரத்தையும், சில அடையாளங்களால் கால அளவையும் குறித்தார்கள். துருக்கியில் அய்தின் நகருக்கருகே 1883ல் வெளியுலகுக்குத் தெரியவந்த செய்கிலோஸின் சிறு கல்தூண் இம்முறைக்குச் சிறந்த உதாரணம். கி.பி. முதல் இரண்டு நூற்றாண்டுகளைச் சேர்ந்த அத்தூணில், வாழ்வு குறுகியது, கவலை விடுத்து வாழ்க என்னும் கருத்துடைய ஒரு சிறு பாடல் சுரமும் தாளமும் குன்றாமல் பொறிக்கப்பட்டிருக்கிறது. இரயில்வே வேலைக்காக அப்பகுதிக்கு வந்திருந்த ஆங்கிலேயர் ஒருவரின் கைக்குத் தூண் போயிற்று. வீட்டம்மாளின் பூந்தொட்டியைத் தாங்குவதற்கு வாகாக அதன் அடிப்புறம் சமமாக அறுக்கப்பட்டது. அதில் கீழ்வரி சிதைந்தது. பதினெட்டு நூற்றாண்டு வெயிலும் மழையும் செய்யாத சேதத்தை ஒரு பூந்தொட்டி செய்து முடித்தது. இன்று அத்தூண் கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இவ்விஷயத்தில் இன்னும் முக்கியமானது, எகிப்தில் ஆக்ஸிரிங்கஸ் என்னும் பழைய ஊரின் குப்பை மேடுகளில் அகப்பட்டு 1922ல் பிரசுரமான ஒரு பாப்பிரஸ் துண்டு. முன்பக்கம் தானியக் கணக்கு; பின்பக்கம், கி.பி. 3ஆம் நூற்றாண்டின் இறுதியில், திரித்துவத்தைத் துதிக்கும் ஒரு கிறிஸ்தவக் கீர்த்தனம், கிரேக்கச் சுரக்குறிகளோடு எழுதப்பட்டிருக்கிறது. கிரேக்கக் குறியோடு நமக்குக் கிடைத்திருக்கும் கிறிஸ்தவப் பாட்டு இது ஒன்றே. அதற்குப் பின் சுமார் 600 ஆண்டுகள், பாடிய திருச்சபை எழுதவில்லை.

அக்காலத் திருச்சபையின் பாட்டு பெரும்பாலும் தாவீதின் சங்கீதங்களை ஓதும் முறையில் அமைந்தது. யூதர்களின் வேத வாசிப்பு மரபோடும் சிரியா முதலிய கீழ்த்திசைச் சபைகளின் வழக்கத்தோடும் அது உறவுடையது. கருவி இசையைச் சபைப் பிதாக்கள் வெறுத்தார்கள். பலிச் சடங்கிலும் நாடக அரங்கிலும் மதுவிருந்திலும் ஒலித்த குழலும் யாழும் ஆராதனைக்கு ஆகா என்பது அவர்கள் துணிபு. 386ல் மிலான் நகரில், பேரரசரின் தாயாகிய ஜஸ்டினா ஒரு தேவாலயத்தைத் தம் கட்சியாருக்குக் கைப்பற்ற முயன்றபோது, மேற்றிராணியார் அம்புரோசியார் ஜனங்களோடு உள்ளேயே தங்கி, அவர்கள் சோர்ந்துவிடாதபடி கீழ்த்திசை முறையில் கீர்த்தனங்களைப் பாடச் செய்தார். அவ்வூரில் ஞானஸ்நானம் பெற்ற அகுஸ்தினார் அப்பாட்டுகளைக் கேட்டுக் கண்ணீர் விட்டவர். ஆயினும் தமது 'பாவ அறிக்கை' நூலில், தம் மனத்தை உருக்குவது சொல்லின் பொருளா இராகத்தின் இனிமையா என்று ஐயுற்று, இனிமையே மேலோங்கும்போது தாம் பாவம் செய்வதாகவும் நொந்துகொள்கிறார். பிளேட்டோவின் அச்சம் இங்கே ஒரு பக்தரின் மனச்சாட்சியாக மாறிவிட்டது.

கிரேக்கச் சாஸ்திரத்தை இலத்தீன் உலகுக்கு ஏந்திவந்தவர் போயத்தியஸ். கோத் அரசன் தியோடரிக்கின் அவையில் உயர்பதவி வகித்து, இராஜத் துரோகக் குற்றம் சாட்டப்பட்டு 524ஐ ஒட்டிக் கொலையுண்ட அவர், அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, நிக்கோமாக்கஸ், தாலமி ஆகியோரின் கிரேக்க நூல்களைத் தழுவி இசை இலக்கணம் ஒன்றை எழுதினார். கோள்களும் ருதுக்களும் இயங்கும் ஒழுங்காகிய உலக இசை, ஆன்மாவும் உடலும் பொருந்தும் மானிட இசை, கருவிகளில் பிறக்கும் இசை என்று மூவகைப்படுத்திய அந்நூல், பாடுபவனையும் பாட்டு இயற்றுபவனையும் தாழ்த்தி, விகிதங்களை அறிந்து தீர்ப்புக் கூறுபவனுக்கே இசைவாணன் என்ற பட்டத்தை அளித்தது. எண்கணிதம், க்ஷேத்திர கணிதம், வான சாஸ்திரம் ஆகியவற்றோடு இசையும் நான்காவது கணித வித்தையாகப் பாடசாலைகளில் நிலைத்ததற்கு இந்நூல் பெருங்காரணம். இதைப் பிரதி செய்த துறவி நாள்தோறும் பலமுறை கோவிலில் பாடியவரே. ஆனால் அவர் பாடியதைப் பற்றி இந்நூலில் ஒரு வார்த்தையும் இல்லை.

636ல் காலமான செவில் நகரத்து இசிதோர், ஓசைகளை எழுதிவைக்க இயலாது, மனிதன் நினைவில் காக்காவிட்டால் அவை அழிந்துபோகும் என்று எழுதினார். செய்கிலோஸின் எழுத்துமுறையை மேற்குலகம் அறவே மறந்துவிட்டதென்பது இதனால் விளங்கும். நினைவையே நம்பியிருந்த அப்பாட்டை மீண்டும் எழுதத் தூண்டியது அரசியல். பிராங்கு மன்னன் பெப்பினும், 789ல் ஆணை பிறப்பித்த அவன் மகன் சார்லமேனும், தங்கள் இராச்சியமெங்கும் ரோமாபுரி முறையிலேயே பாட வேண்டுமென்று விதித்தார்கள். ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே உள்ளவர்களுக்கு அந்நிய தேசத்துப் பாட்டை மனப்பாடம் செய்விப்பது எளிதாயில்லை. 604ல் மறைந்த பாப்பரசர் கிரகோரியாரின் காதில் புறா வடிவில் பரிசுத்த ஆவி ஓதிய பாட்டு இது என்ற ஐதிகம் பரவியதும், 9ஆம் நூற்றாண்டில் 'நியூம்' என்னும் குறிகள் தோன்றியதும் இச்சூழ்நிலையில்தான். குரல் ஏறுவதையும் இறங்குவதையும் கோடும் கொக்கியுமாகக் காட்டிய அக்குறிகள், எவ்வளவு ஏற வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. ஸ்விட்ஜர்லாந்தின் செயின்ட் கால் மடாலயத்தில் இன்றும் உள்ள 10ஆம் நூற்றாண்டுத் தொடக்கச் சுவடியில், விரைந்து பாடு, நிறுத்திப் பாடு என்று உணர்த்தும் ஓரெழுத்துச் சமிக்ஞைகள்கூடச் செம்மையாக இடப்பட்டிருக்கின்றன. பாட்டைத் தெரியாதவன் மட்டும் அதை வைத்துக்கொண்டு பாட முடியாது.

அதே காலத்தில், பைசாந்தியத் திருச்சபையின் எண்வகைப் பண்முறையைப் பின்பற்றித் தங்கள் பாட்டுகளை எட்டாக வகுத்த மேல்நாட்டு ஆசிரியர்கள், போயத்தியஸின் நூலிலிருந்த கிரேக்கப் பெயர்களை அவற்றுக்கு இட்டார்கள். இட்டபோது வரிசை பிசகியது. ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை மட்டும் கொண்டு கிரகபேதம் செய்து பார்ப்பவர்க்கு இது எளிதில் புலப்படும்: பிற்காலக் கிரேக்க நூல்கள் டோரியன் என்ற சுரவரிசை தோடியை ஒத்தது, பிரிஜியன் என்றது கரகரப்பிரியாவை ஒத்தது, திருச்சபையின் நூல்களிலோ இவ்விரண்டும் அப்படியே இடம் மாறிவிட்டன. மேல்நாட்டு இசைப் பாடசாலைகளில் இன்றைக்கும் அந்தப் பிசகான பெயர்களே வழங்குகின்றன.

பிரிந்து கிடந்த சாஸ்திரத்தையும் பாட்டையும் சேர்த்தவர், அரெஸ்ஸோ நகரத்துக் குயிதோ. பொம்போஸா மடத்தில் சக துறவிகளின் பொறாமைக்கு ஆளாகி வெளியேறி, அரெஸ்ஸோவின் மேற்றிராணியார் தியோடால்டின் ஆதரவில் கோவில் சிறுவர்களுக்குப் பாட்டுக் கற்பித்த இவர், 1026ஐ ஒட்டி எழுதிய 'மைக்ரோலாகஸ்' என்னும் நூலைப் பைதாகரஸின் ஒற்றைத் தந்தியைப் பகுக்கும் விதத்திலிருந்தே தொடங்குகிறார். ஆனால் அவருக்குத் தந்தி கிரகங்களின் இரகசியம் அன்று. சிறுவனின் தொண்டையைச் சரியான சுரத்தில் நிறுத்தும் கருவி. நியூம்களை அந்தரத்தில் விடாமல் கோடுகளின் மேலும் இடையிலும் அமர்த்தி, ஒரு சுரத்தின் கோட்டுக்குச் சிவப்பும் மற்றொன்றுக்கு மஞ்சளும் தீட்டி, அரைச்சுரம் வரும் இடத்தைக் கண் பார்த்த மாத்திரத்தில் காட்டினார். அருளப்பர் மீதான ஒரு பாட்டின் அடிகள் ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஒரு சுரம் ஏறித் தொடங்குவதைப் பயன்படுத்தி, உத், ரே, மி, பா, சோல், லா என்னும் அசைகளை வகுத்தார். பாப்பரசர் 19ஆம் ஜான் அவரை ரோமாபுரிக்கு அழைத்து, கோடிட்ட சுவடியைப் புரட்டி, தாம் முன்பின் கேட்டிராத ஓர் அடியைத் தாமே பாடிப் பார்த்து வியந்தார். போயத்தியஸின் நூல் தத்துவ ஞானிகளுக்கு உதவுமேயன்றிப் பாடகர்களுக்கு உதவாது என்று நண்பர் மைக்கேலுக்கு எழுதிய கடிதத்தில் குயிதோ கூறுகிறார். அந்நூலின் சாரத்தைக் கடைந்தெடுத்த பிறகே அப்படிக் கூறினார் என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

எழுத்து வந்தபின் இரண்டு மூன்று குரல்களை ஒன்றோடொன்று இழைத்துப் பாடும் முறை வேகமாக வளர்ந்தது. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் நோத்ருதாம் தேவாலயத்தில் பெரோத்தின் நான்கு குரல்களுக்கே பாட்டு இயற்றினார். குரல்கள் கூடியபோது, எண்ணா செவியா என்ற பழைய வழக்கும் மீண்டும் தலையெடுத்தது. பைதாகரஸின் கணக்குப்படி காந்தாரத்தின் விகிதம் 81:64. அக்கணக்கில் பயின்றவர்கள் அதைப் பூரணமான இசைவென்று ஒப்பவில்லை. 1300ஐ ஒட்டி இங்கிலாந்தின் ஈவ்ஷாம் மடத்துத் துறவி வால்டர் ஓடிங்டன், காந்தாரம் 5:4க்கு மிக அண்மையில் இருப்பதையும், பாடுவோரின் குரல் நுட்பமாக அசைந்து அதை இனிமையாக்கிவிடுவதையும் எழுதிவைத்தார். 1482ல் பொலோனா நகரில் அச்சான தமது நூலில், ஸ்பெயின் தேசத்து ராமோஸ் தெ பரேஹா அந்த 5:4ஐயே விதியாக்கி, ஒற்றைத் தந்தியைப் புதிதாகப் பகுத்துக் காட்டி, குயிதோவையும் கண்டித்தார். பொலோனாவில் ஒருவரும் மிலானில் ஒருவருமாகப் பண்டிதர்கள் அவரை வன்மையாக மறுத்து எழுதினார்கள்.