நரம்பு: யாழிலிருந்து மூளைக்கு

சங்கரன்கோவில் பக்கம் 'நரம்பு' என்ற சொல்லுக்கு வேலை அதிகம். நாளெல்லாம் தறியில் நின்றவர் "கெண்டக்கால் நரம்பு சுண்டி இழுக்கு" என்பார். வலிப்பது தசை. "நரம்புல ஊசி போட்டாங்க" என்றால் ரத்தக்குழாய். 'நரம்புத் தளர்ச்சி' என்னும்போதுதான் மூளையோடு உறவுள்ள நரம்பு வருகிறது.

இதை அறியாமை என்று தள்ளக்கூடாது. சொல் வளர்ந்த விதமே அப்படி. தொல்காப்பியத்தில் நரம்பு யாழின் தந்தி. பேரியாழுக்கு 21 நரம்பு. புறநானூற்றின் 278-ஆம் பாட்டிலோ, காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டும் முதிய தாயின் தோளில் நரம்பு எழுந்து நிற்கிறது. ஆக, இசைக்கருவியிலும் உடம்பிலும் இச்சொல் பழங்காலத்திலேயே வழங்கியிருக்கிறது. மெலிந்து நீண்டு ஓடுவதெல்லாம் நரம்புதான்: இலையில் ஓடுவதும் நரம்பு, காலைத் துளைத்து வெளிவந்த புழுவும் நரம்புச்சிலந்தி. கிரேக்கரின் 'நியூரான்' சொல்லும் முதலில் தசைநாரையும் வில்நாணையுமே குறித்தது. 1891-இல் வால்டையர் என்ற ஜெர்மன் உடற்கூற்றியலாளர் அதை ஒற்றை நரம்புச் செல்லுக்குப் பெயராக்கினார்.

அந்த ஒற்றைச் செல்லைத் தனியே தொடுவதுதான் பெரும்பாடாக இருந்தது. மூளையில் மின்முனையைச் செருகி மின்சாரம் பாய்ச்சினால் பக்கத்துச் செல்களும் சேர்ந்தே துடிக்கும். ஒருவகைச் செல்லை மட்டும் இயக்க வழி வேண்டும் என்று 1979-இலேயே எழுதினார் டிஎன்ஏ வடிவத்தைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக். வழி காட்டியது பச்சைப்பாசி. கிளாமிடோமோனாஸ் என்னும் ஒருசெல் பாசியில் ஒளியை உணரும் புரதம் ஒன்று உண்டு. நீல ஒளி பட்டதும் அது கதவாய்த் திறக்க, நேர்மின் அயனிகள் உள்ளே பாயும். அதன் மரபணுவை எலியின் நரம்புச் செல்லில் சேர்த்து, ஒளியால் அதைத் துடிக்கவைத்த ஆய்வை பாய்டன், டைசராத் முதலிய ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்டார்கள். 'ஆப்டோஜெனெடிக்ஸ்' என்ற பெயர் மறுவருடம் வந்தது.

இந்தத் துறையில் நம் பக்கத்துப் பங்கும் உண்டு. சென்னை ஐஐடியில் இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு மூளைக்குத் திரும்பியவர் ஹார்வர்டின் வெங்கடேஷ் மூர்த்தி. பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் உபிந்தர் பல்லாவும் அவரும் பங்கேற்ற 2010 ஆய்வை நான் மிகவும் மதிக்கிறேன். சுண்டெலியின் மூளையில் மணச்செய்தி வந்துசேரும் முகர்குமிழில், நரம்பிழைகள் கூடும் ஒரே முடிச்சிலிருந்து செய்தி வாங்கும் செல்கள் எவை என்பதை ஒளிப்புள்ளி வைத்தே கண்டுபிடித்தார்கள். பிறகு மணத்தைக் காட்டினார்கள். ஒரே இடத்தில் செய்தி வாங்கியும், அந்தச் செல்கள் துடித்த நேரம் ஒன்றாக இல்லை. மின்முனையை மட்டும் நம்பியிருந்தால் இந்த உறவைப் பிரித்தறிவது மிகக் கடினம்.

இந்தத் துறையைத் தமிழில் சொல்ல 'நரம்பு' மட்டும் போதாது. தொடையில் இறங்கும் பெருநரம்பு ஆயிரக்கணக்கான இழைகளின் கட்டு. ஒளி தேடிப்போவதோ ஒரு செல்லை. 'ஒளிமரபியல்' என்று பெயர்த்தாலும் தாய் தந்தை வழி வருவதைப் பற்றிய படிப்பு என்றே கேட்பவர் நினைப்பார். ஒற்றை நரம்புச் செல்லை, உயிரணு போல 'நரம்பணு' என்று பள்ளிப் பாடத்திலேயே பழக்கலாம். இந்தத் துறை ஆய்வகத்தைத் தாண்டி மனிதரிடமும் வந்துவிட்டதால் சொல்லின் தேவை கூடியிருக்கிறது. 2021-இல், பார்வை இழந்திருந்த ஒருவரின் விழித்திரை நரம்பணுக்களில் இத்தகைய புரதத்தைச் சேர்த்து, தனிக் கண்ணாடியும் அணிவித்தபோது, மேசைமேல் இருந்த பொருளை அவரால் கண்டுகொள்ள முடிந்தது.