கேரி தீவு முதல் ரேப் புரதம் வரை: வயிற்றுக்கடுப்பின் வரலாறு

லங்காட் ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது கேரி தீவு. எட்வர்ட் வாலன்டைன் கேரி என்ற தோட்டத்துரையின் பெயர்தான் அதற்கு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தச் சதுப்பு நிலத்தில் கரை கட்டி, கால்வாய் வெட்டி ரப்பர் நட்டார்கள். உழைத்தவர்களில் நம் தமிழரும் உண்டு.

மலாயாத் தோட்டங்களில் அன்று ஆளைச் சாய்த்த நோய் மலேரியா. கிள்ளானில் மருத்துவர் மால்கம் வாட்சன் 1901 முதல் சதுப்பை வடித்து அதைக் குறைத்தார். ஆனால் லயத்தில் இன்னொரு எமனும் இருந்தது: வயிற்றுக்கடுப்பு. கழிப்பிடம் சரியில்லை, குடிநீர் சுத்தமில்லை. பிறகு நோய் பரவ வேறென்ன வேண்டும்?

இதில் ஒரு சிக்கல். வயிற்றுக்கடுப்பு ஒன்றல்ல, இரண்டு. ஒன்றுக்குக் காரணம் ஷிகா 1897இல் கண்ட பாக்டீரியா. மற்றொன்றுக்கு, லோஷ் 1875இல் ரஷ்யாவில் கண்ட அமீபா. 1912இல் கல்கத்தாவில் லியோனார்ட் ரோஜர்ஸ் எமட்டின் ஊசியைப் பயன்படுத்தினார். அது அமீபாவை மட்டுமே அடக்கும். நுண்ணோக்கி இல்லாத தோட்டத்து ஆஸ்பத்திரியில் எது எது என்று எப்படிப் பிரிப்பது?

நுண்ணோக்கி இருந்தாலும் போதாது. நோய் தரும் ‘எண்டமீபா ஹிஸ்டோலிடிகா’ போலவே, தீங்கு செய்யாத ‘டிஸ்பார்’ என்ற இனமும் உண்டு என்று 1925இல் புரும்ப்ட் சொன்னார். அப்போது பலர் ஏற்கவில்லை. 1993இல்தான் அது உறுதியானது.

அப்படியானால் ஒன்று மட்டும் ஏன் குடலை அரிக்கிறது? ஹிஸ்டோலிடிகா, புரதத்தைச் சிதைக்கும் நொதிகளைச் சிறு பைகளில் அடைத்து வெளியே அனுப்புகிறது. இந்தப் பைகள்தான் வெசிக்கிள்கள். அவற்றுக்கு வழிகாட்டுபவை ரேப் புரதங்கள். ஜிடிபி மூலக்கூறு ஒட்டியிருந்தால் சுவிட்ச் ‘ஆன்’. அது ஜிடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட் குறைந்த வடிவமாக மாறினால் ‘ஆஃப்’. மனிதனுக்கு இவை அறுபதுக்குச் சற்று மேல்; ஒரு செல் அமீபாவுக்கோ தொண்ணூறுக்கும் மேல்! ரேப் 11பி என்ற புரதத்தைக் கூட்டினால் நொதி வெளியேற்றமும் கூடுகிறது. சிவப்பணுவை விழுங்கிச் செரிப்பதில் ரேப் 5, ரேப் 7ஏ ஆகியவை உதவுகின்றன. வெளியேறும் முக்கிய நொதிகளில் ஒன்றான சிபி5க்குரிய மரபணு, டிஸ்பாரில் சிதைந்து கிடக்கிறது.

மாணவர்களே, வெசிக்கிள் கடத்தலுக்கு 2013இல் நோபல் பரிசு கிடைத்ததைப் படித்திருப்பீர்கள். விடையில் சுவிட்ச், பை, நொதி என்ற வரிசையை விடாதீர்கள். ஆசிரியர்களே, பாடத்தை லயத்து வாழ்க்கையிலிருந்து தொடங்கிப் பாருங்கள். கொதிக்க வைத்த நீரும் நல்ல கழிப்பிடமும் அன்றே கிடைத்திருந்தால், நம்ம தாத்தா பாட்டி தலைமுறையில் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள் என்பது பிள்ளைகளுக்குத் தானாகவே புரியும்.